கடும் மசக்கை

கருவுற்ற பெண்ணுக்கு உண்டதும் குடித்ததும் வயிற்றில் தங்காமல், உடல் வற்றி எடை குறையும் அளவுக்கு வாந்தி வருவது கடும் மசக்கை. சாதாரண மசக்கை பத்தில் ஏழெட்டுப் பேருக்கு உண்டு. ‘மூணு மாசம் பொறுத்துக்கோ’ என்ற வீட்டுப் பெரியவர்களின் சொல் அவர்களில் பெரும்பாலோருக்குப் பலித்துவிடும். நூற்றுக்கு மூவருக்கு மேற்படாத கடும் மசக்கைக்காரர்களிடம் அந்தச் சொல் செல்லாது. இது 16 வாரத்துக்குள் தொடங்குகிறது. சிலரைப் பேறுகாலம் வரை விடுவதில்லை. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழப்பது முக்கிய அடையாளம்.

கர்ப்பத்தை மனம் ஏற்காததே காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் சொல்லிவந்தனர். வாந்தி எடுப்பவளையே குற்றவாளியாக்கிய கருத்து அது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனே முதன்மைக் காரணம் என 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மார்லினா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓராஹிலி முதலியோருடன் இலங்கை ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த உடல் அதன் திடீர்ப் பெருக்கைத் தாங்குவதில்லை. தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள பெண்களுக்கு அது எப்போதும் மிகுந்தே இருப்பதால் மசக்கை அரிது.

குழந்தைக்குப் பாதிப்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பிறவி ஊனம் கூடுவதாகத் தெரியவில்லை. எடை குறைந்த பிறப்பும் குறைமாதப் பிறப்பும் சற்று அதிகம் எனப் பல ஆய்வுகள் காட்ட, நார்வேயின் பெரிய ஆய்வொன்று வேறுபாடு காணவில்லை. முரணுக்கு ஒரு விளக்கத்தை கனடாவின் நோவா ஸ்கோஷியா ஆய்வு (2006) தருகிறது: மொத்தக் கர்ப்பகாலத்தில் 7 கிலோ கூட எடை ஏறாத தாய்மாருக்கே ஆபத்து மிகுந்தது; ஏறியவர்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தனர். ஆக, வாந்தியைவிட அதன்பின் எடை மீண்டதா என்பதே கவனிக்க வேண்டியது. மூன்றாம் மாதம் தாண்டியும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் கவலை கூடுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை அலசிய சுவீடன் ஆய்வில் (2013) இத்தகையோருக்கு நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியும் ஆபத்து மும்மடங்காக இருந்தது.

டாக்சிலமின்–பிரிடாக்சின் மாத்திரை, குமட்டல் தடுப்பு மருந்துகள், நரம்புவழி உப்புநீர் ஆகியவை சிகிச்சை. பல நாள் உணவில்லாத உடலில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்திருக்கும். அந்நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் தாயின் மூளை பாதிக்கப்படலாம். எனவே தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு.