பரோடா கொடுத்த 25 ரூபாய்

மும்பை பரேலில் மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கட்டடம் ஒன்றில் ராம்ஜி சக்பாலின் குடும்பத்துக்கு இருந்தது ஒரே அறை. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள்தான். கடைசி மகன் பீமராவ் அம்பேத்கர் முன்னிரவிலேயே படுத்துவிடுவார். தலைமாட்டில் திரிகை, கால்மாட்டில் ஆடு. இரவு 2 மணிக்கு அவரை எழுப்பிவிட்ட பிறகுதான் அப்பா கண்ணயர்வார். மண்ணெண்ணெய் விளக்கடியில் விடியும்வரை படிப்பு நடக்கும்.

எல்பின்ஸ்டன் பள்ளியில் ஒருநாள் கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்களில் தீட்டுப் பட்டுவிடும் என்று மற்ற மாணவர்கள் பாய்ந்தோடி அவற்றை எடுத்தார்கள். அப்படிப்பட்ட வகுப்பறையில் உட்கார்ந்து படித்தே 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

சர்னி ரோடு பூங்காவில் தினமும் புத்தகமும் கையுமாக இருந்த அந்தப் பையனைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர். இன்டர்மீடியட் முடித்ததும், மேலே படிக்க வைக்க ராம்ஜிக்கு வழியில்லாமல் போனது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் கெலுஸ்கரே அவரை அழைத்துப்போனார். மன்னர் சில கேள்விகள் கேட்டார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1912இல் பி.ஏ. முடிந்தது.

அடுத்த உதவி பெரியது. 3 ஆண்டுகள் அமெரிக்காவில் படிக்க மாதம் 11.5 பவுண்டு, திரும்பி வந்து பரோடா அரசில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். 1913 ஜூன் 4 அன்று அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அப்பா இறந்து 4 மாதம்தான் ஆகியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, வந்த பணத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். பழைய புத்தகங்களையும் வாங்கிக் குவித்தார்.

1917இல் நீட்டிக்கப்பட்ட உதவித்தொகைக் காலமும் முடிந்து, லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். போர்க்காலம் என்பதால், தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் அந்தக் கப்பலை டார்பிடோ தாக்கியதில் கடலில் மூழ்கிவிட்டன. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில்தான் பரோடாவுக்கு ரயில் ஏறினார். ஆனால் அவரைப் படிக்க வைத்த ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் காலை, அவர் யார் என்று தெரிந்து தடியோடு வந்து நின்ற பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரவு ரயிலுக்காகக் காமாட்டி பாக் பூங்காவில் காத்திருந்தார். கொலம்பியா வரை அனுப்பிய பணத்தால் சொந்த நாட்டில் ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை. கல்வி உதவி என்றாலே கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இந்தப் பூங்காவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் மறக்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்காக 1924இல் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது.

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசுப் பணம் வேண்டும் என்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்கு விரிவான மனு கொடுத்தார். 1944-45இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீட்டோடு, மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. 1948-49இல் பழங்குடி மாணவர்களுக்கும் அது விரிந்தது. மன்னரின் தயவாக இருந்தது அரசின் வரவுசெலவுக் கணக்கில் ஏறியது. இந்தக் கதையில் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகக் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அதன் தொடர்ச்சியே. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்காக வரிசையில் நிற்கும் மாணவி, தன்னைக் கவனிக்க ஒரு கெலுஸ்கர் வருவாரா என்று காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி கட்டணம் கேட்கும் தேதிக்குள் பணம் கணக்கில் ஏறியதா என்றுதான் அவள் தினமும் பார்க்கிறாள்.