நிழலும் உருவும்

இராமகிருஷ்ண மடங்களிலும் நம்மவர் பலரது பூசையறைகளிலும் அன்னை சாரதாதேவியாரின் நிழற்படம் ஒன்று உண்டு. முந்தானை தலையைப் பாதி மறைக்க, கருங்கூந்தல் தோள்மீது தவழ, கைகளை மடியிற் சேர்த்து அமர்ந்த திருக்கோலம். நாள்தோறும் மலர் சாத்தும் நம்மில் எத்தனை பேர் அப்படம் பிறந்த வரலாற்றை அறிவோம்?

1853ஆம் ஆண்டு வங்கத்தின் ஜயராம்பாடி என்னும் சிற்றூரில் தோன்றிய அன்னையார், நாணமே அணியாக வாழ்ந்தவர். தட்சிணேசுவரத்தில் நகபத் என்னும் சிற்றறையில் உறைந்த காலத்தே அவர் திருமுகத்தைக் கண்டோர் மிகச் சிலர். இத்தகையவர் அந்நிய ஆடவர் ஒருவரின் கருவிக்கு முன் அமர்ந்தது எங்ஙனம்?

அதற்கு வழிவகுத்தது அன்பே. 1898 மார்ச் 17இல் மேலைநாட்டு மங்கையர் மூவர் கல்கத்தாவில் அவரைக் காணச் சென்றனர். பின்னாளில் நிவேதிதை எனப் பெயர் பூண்ட மார்கரெட் நோபிள், சாரா புல், ஜோசபின் மக்லவுட் ஆகியோரே அம்மூவர். அந்தணர் குலத்துக் கைம்பெண்ணான அன்னையார் அவர்களோடு உடனிருந்து உண்டார். அக்காலச் சமூகத்தில் அஃது எளிய செயலன்று.

அவ்வாண்டு நவம்பரில் சாரா அம்மையார் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தாயகம் திரும்பிய பின்னும் வைத்து வணங்க ஒரு படம் வேண்டும் என்பதே அது. முதலில் மறுத்த அன்னையார், பின்னர் அவ்வன்புக்கு இணங்கினார். பாகபஜாரின் போஸ்பாராச் சந்தில், ஹாரிங்டன் என்னும் ஐரோப்பியர் மூன்று படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றே இன்று நாம் வழிபடுவது. மற்றொன்றில் அன்னையாரும் நிவேதிதையும் ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருக்கின்றனர். மொழியாலும் நாட்டாலும் வேறுபட்ட இருவர், தாயும் மகளுமாய்க் காட்சி தருகின்றனர்.

அப்படத்தில் வரலாறு ஒன்றும் ஒளிந்துள்ளது. 1886இல் பரமஹம்சர் மறைந்த பின்னும் அன்னையார் வளையல்களைக் களையவில்லை. ஊரார் பழித்தனர். அந்த வளையல்கள் படத்தில் அவர் கையில் விளங்குகின்றன. ஏச்சுக்கு அவர் அளித்த மறுமொழி அதுவே எனலாம்.

1911இல் சென்னை, மதுரை, இராமேசுவரம் ஆகிய தலங்களுக்கு அன்னையார் எழுந்தருளினார். தமிழறியாத அவரைக் காணத் தமிழ்மக்கள் திரண்டனர். பரமஹம்சரின் படத்தைத் தாம் செல்லுமிடமெல்லாம் வைத்துப் பூசித்தவர் அவர். நிழலும் உருவும் வேறல்ல என்பது அவர் துணிபு.

இதனை எண்ணுந்தோறும் என் பாட்டியார் நினைவு வருகிறது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சி, அவர் இறுதிவரை இசையவில்லை. ஊரைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் பிறந்த என் மக்களுக்கு அவர் வெறும் பெயராகவே நின்றுவிட்டார். அன்பால் வற்புறுத்த ஒரு சாரா அம்மையார் எங்கள் வீட்டில் இல்லாமற் போனார்.

பிழைப்பை நாடி வந்த நம் பெட்டிகளில் பழைய படங்கள் சில உறங்கக்கூடும். நாளிடாத தாளுக்கு அலுவலகக் கோப்பிலே மதிப்பில்லை, படத்திற்கும் அஃதே. இன்றே எடுத்துப் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். அறிந்து சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே எழுதுங்கள். நம் பேரப்பிள்ளைகள் தம் குலத்து அன்னையரைக் கண்ணாரக் காண அதுவே துணைபுரியும்.