எதிரி நாட்டு கோல்கீப்பர்

1941 மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு, ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம் சிதைந்து போனது. பக்கத்து அணியான மான்செஸ்டர் சிட்டி தன்னுடைய மெய்ன் ரோடு மைதானத்தைப் பகிர்ந்துகொண்டது. பரம எதிரிகள் இருவரும் ஒரே மைதானத்தில்! போர் முடிந்த பிறகும் இது தொடர்ந்தது. யுனைடெட் மறுபடி சொந்த வீட்டுக்குத் திரும்பியது 1949 ஆகஸ்டில்தான்.

அது நடந்து இரண்டே மாதத்தில், அதாவது 1949 அக்டோபரில், சிட்டி புதிதாக ஒரு கோல்கீப்பரை எடுத்தது. பெயர் பெர்ட் டிரவுட்மன். ஊர் ஜெர்மனியின் பிரேமன். முந்தைய வேலை: ஹிட்லரின் படையில் பாராசூட் வீரர்.

ஊர் கொதித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

1940 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு இரவுகளில் மட்டும் மான்செஸ்டர் வட்டாரத்தில் சுமார் 680 பேர் குண்டுவீச்சில் செத்திருந்தார்கள். ஜெர்மன் பாராசூட் படை தரைப்படையைச் சேர்ந்ததல்ல, விமானப்படையின் ஒரு பிரிவு. ஆக, எந்தப் படை ஊரைக் கொளுத்தியதோ அதே படையின் சீருடையைப் போட்டிருந்தவர்தான் இப்போது சிட்டியின் ஜெர்சியைப் போட வருகிறார். 20,000 பேர் திரண்டு ஊர்வலம் போனதாகச் சொல்வார்கள். சீசன் டிக்கெட்டைத் திருப்பித் தருவோம் என்று மிரட்டல்கள் வந்தன. மான்செஸ்டரில் பெரிய யூத சமூகம் உண்டு, அவர்களில் சிட்டி ரசிகர்களும் நிறைய. அவர்களுடைய கோபத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். இங்கிலாந்து அணிக்கே கேப்டனாக இருந்தவர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. ஸ்விஃப்ட் இடத்தில் ஒரு ஜெர்மன்காரரா என்பதும் சேர்ந்துகொண்டது.

சரி, யார் இந்த டிரவுட்மன்? பிறந்தது 1923ல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பத்து வயதுகூட ஆகவில்லை. நாஜிகளின் சிறுவர் அமைப்பில் வளர்ந்தவர். 1941ல் பதினேழு வயதில் தானாகவே போய்ப் படையில் சேர்ந்தார். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. கிழக்கு முனையில் சோவியத் படைகளோடு சண்டை, பிறகு பிரான்ஸ். 'இரும்புச் சிலுவை' விருது வாங்கியவர். கடைசியில் 1945ல் பிரிட்டிஷ்காரர்களிடம் சிக்கினார். விசாரித்த அதிகாரிகள் முதலில் அவரை நாஜி ஆதரவாளர் என்ற பிரிவில்தான் போட்டார்கள், பிறகு ஒரு படி இறக்கினார்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஆஷ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் போர்க்கைதி முகாம். அங்கே கைதிகள் கால்பந்து ஆடுவார்கள். டிரவுட்மன் அப்போது கோல்கீப்பரே இல்லை, நடுவில் நின்று தடுப்பவர். ஒரு ஆட்டத்தில் அடிபட்டு, கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. (சிறுவயதில் கைப்பந்து ஆடிய பழக்கம் கைகொடுத்தது. பந்தைக் காலால் ஓங்கி உதைக்காமல் பாதி மைதானம் தாண்டிக் கையால் எறிந்து தன் ஆளிடம் சேர்ப்பார். அந்தக் கால இங்கிலாந்தில் இது புதுசு!)

1948ல் விடுதலை கிடைத்தும் ஊருக்குப் போகவில்லை. பண்ணை வேலை பார்த்தார். லிவர்பூல் பக்கம், வெடிக்காமல் புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றும் பணியில் இருந்தார். ஆம், அவருடைய படை போட்ட குண்டுகள்தான். கூடவே செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சின்ன அணிக்கு ஆடினார், அங்கிருந்துதான் சிட்டி அவரை எடுத்தது.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் இங்கிருந்து நேராக 1956க்குத் தாவிவிடுவார்கள். அந்த வருஷ எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் அவர் கழுத்து உடைந்தும் ஆடினார், அதில் எல்லோரும் உருகிப்போய் மன்னித்துவிட்டார்கள் என்று முடிப்பார்கள். சினிமாவுக்கு இது வசதி. ஆனால் வருஷக் கணக்கு ஒத்துவரவில்லை. ரசிகர்களின் மனம் மாறத் தொடங்கியது 1956ல் அல்ல, அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே.

முதல் அடி எடுத்து வைத்தவர் கேப்டன் எரிக் வெஸ்ட்வுட். அவர் நார்மண்டியில் ஜெர்மானியர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர். இந்த டிரஸ்ஸிங் ரூமுக்குள் போர் கிடையாது என்ற பொருளில் சொல்லி டிரவுட்மனை வரவேற்றார். போருக்கே போகாத ஒருவர் சொல்லியிருந்தால் இதற்கு மரியாதை இருந்திருக்காது. எதிர்முனையில் நின்றவரே சொன்னதால், கேலரியில் இருந்தவர்களுக்கு மறுத்துப் பேசக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

இரண்டாவது ஆள் இன்னும் முக்கியமானவர், அலெக்சாண்டர் ஆல்ட்மன். மான்செஸ்டர் யூத சமூகத்தின் தலைமை ரப்பி. பெர்லினில் ரப்பியாக இருந்து 1938ல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். அவருடைய தந்தையும் ஒரு ரப்பி, 1944ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட மனிதர் உள்ளூர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மானியர் கையில் யூதர்கள் பட்ட கொடுமையை அதில் அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றங்களோடு தொடர்பில்லாத ஒரு தனி ஜெர்மானியரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றார். ஊர்வலங்கள் அடங்கியதற்கு அந்தக் கடிதம்தான் காரணம் என்று டிரவுட்மனே பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள், ஆல்ட்மன் ஜெர்மனியை மன்னிக்கச் சொல்லவில்லை. மறக்கவும் சொல்லவில்லை. ஒரு தேசத்தின் கணக்கை ஒரு ஆளின் தலையில் எழுதாதீர்கள் என்றார், அவ்வளவுதான். "எல்லாம் முடிந்துபோன கதை, விடுங்கப்பா" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ கடினமான வேலை.

மூன்றாவது காரணம் ரொம்ப சாதாரணமானது. மனிதர் நன்றாக ஆடினார். நவம்பர் 19ம் தேதி போல்டன் அணிக்கு எதிராக முதல் ஆட்டம், தோல்வி. டெர்பி அணியிடம் ஏழு கோல் வாங்கிய சம்பவமும் உண்டு. சொந்த மைதானத்தில் வசவு மெல்ல மெல்லக் குறைந்தது. வெளியூர்களில்தான் ஒவ்வொரு பந்துக்கும் திட்டு விழுந்தது.

1950 ஜனவரியில் லண்டன். ஃபுல்ஹாம் மைதானம். குண்டுவீச்சில் லண்டன் பட்டதைவிட அதிகமாகப் பட்ட ஊர் இங்கிலாந்தில் இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே கூச்சல், வசை. சிட்டி அப்போது மோசமான அணி (அந்த சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கிவிட்டது). எல்லோரும் கோல் மழையை எதிர்பார்த்தார்கள். டிரவுட்மன் ஒன்றன் பின் ஒன்றாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். சிட்டி தோற்றது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு கோலில். ஆட்டம் முடிந்து வெளியே போகும்போது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு அணி வீரர்களும் வரிசையாக நின்று தட்டினார்கள். சத்தம் போட்டவர்களும் கைதட்டியவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை, இடையில் ஓடியது 90 நிமிஷம்!

1956 கதையையும் சொல்லாமல் விட முடியாது. மே 5ம் தேதி, வெம்ப்ளி, எதிரணி பர்மிங்காம் சிட்டி. கிட்டத்தட்ட 75வது நிமிஷத்தில் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்தபோது பலத்த மோதல். மாற்று ஆட்டக்காரர் இறங்கும் வழக்கம் அப்போது கிடையாது. கண் மங்கிய நிலையில் மிச்ச நேரத்தையும் ஆடி முடித்தார், சிட்டி 3-1 என்று ஜெயித்தது. நான்கு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், கழுத்தில் ஐந்து எலும்புகள் இடம் விலகியிருந்தன, ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. ஆனால் அந்த இறுதிப்போட்டிக்கு முன்பாகவே இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான். மன்னிப்புக்காகக் கழுத்தை உடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்த நாடுதான் அவரை ஏற்கவில்லை. மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர், வெளிநாட்டில் ஆடுபவரை எடுப்பதில்லை என்று இருந்தார். 1954ல் அந்த அணி உலகக்கோப்பை வென்றபோது டிரவுட்மன் அதில் இல்லை. ஜெர்மனிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே ஓய்வு பெற்றார்.

கதையில் நெருடலான இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. போரில் தான் பார்த்ததைப் பற்றி டிரவுட்மன் பல ஆண்டுகள் வெளியில் பேசவில்லை. முதுமையில்தான் சொன்னார்: உக்ரைனில் ஒரு காட்டில், யூதர்களைக் குழியருகே நிறுத்திச் சுட்டுக் கொன்றதை மறைந்திருந்து பார்த்திருக்கிறார். அவர் சுட்டவர்களில் ஒருவர் அல்ல. ஆனால் பார்த்தார், தெரிந்தே அந்தப் படையில் தொடர்ந்தார். 1949ல் இது வெளியே தெரிந்திருந்தால் ஆல்ட்மன் அதே கடிதத்தை எழுதியிருப்பாரா? 'தொடர்பில்லாதவர்' என்ற அந்தச் சொல்லுக்குள் இதையும் அடக்கியிருப்பாரா? கடைசிவரை சமாதானமாகாத சில யூத ரசிகர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று சொல்லிவிட யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம், அந்தக் காட்டிலிருந்து திரும்பிய இளைஞர் இங்கிலாந்தில் வேறு மனிதராக ஆனார் என்பதும் பொய்யில்லை. தன்னுடைய உண்மையான படிப்பு கைதி முகாமில் தொடங்கியது என்றே அவர் சொல்லி வந்தார்.

இரு நாட்டு நல்லுறவுக்காக 2004ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. 2013ல் ஸ்பெயினில், 89 வயதில் காலமானார்.

சிட்டிக்காக அவர் ஆடியவை மொத்தம் 545 ஆட்டங்கள். 1964 ஏப்ரல் 15ம் தேதி மெய்ன் ரோடில் பிரிவுபசார ஆட்டம் நடந்தது. சிட்டி, யுனைடெட் இரண்டு அணி வீரர்களும் ஒரே அணியாக அவரோடு இறங்கினார்கள். அதிகாரப்பூர்வக் கணக்குப்படி வந்தவர்கள் 47,000க்கு மேல். உள்ளே நுழைந்தவர்கள் அதைவிட அதிகம் என்பார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. ஏதாவது ஒரு நினைவுப்பொருள் வேண்டுமே! அவர் நின்ற பக்கத்து கோல்போஸ்டையே பிடுங்கிவிட்டார்கள்.