கீரி தூக்கிட்டுப் போனா யார் கணக்கு?

இன்னைக்கு எபிசோட்ல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஒப்பந்தத்தைப் பார்க்கப் போறோம். ஆனா கதை தொடங்குறது நான் வீடு மாத்தினதுல.

மதுரை செல்லூர்ல எங்க பழைய வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் காலி இடம் உண்டு. அங்கே ஒரு சேவல், எட்டு பெட்டை. எல்லாமே சிறுவிடை நாட்டுக்கோழி. வீட்டை இடிச்சுக் கட்ட முடிவானதும், பத்து மாசத்துக்கு ஒரு ஃபிளாட்டுக்குப் போகவேண்டிய நிலைமை. கட்டில், பீரோ எல்லாம் லிஃப்ட்ல ஏறிடும். சேவலை ஏத்தினா, விடியக்காலை நாலு மணிக்கு அசோசியேஷன் குரூப்புல என் பேர்தான் ஓடும்.

விக்க மனசில்லை. மாசம் இவ்வளவுன்னு பணம் கொடுத்து யார்கிட்டயாவது விடலாம்னு நினைச்சேன். அப்பத்தா ஒரே போடா போட்டுச்சு: "கூலி குடுத்தா காவல் காப்பாக. வாரத்துக்கு விட்டாத்தான்டா வளப்பாக."

வாரம் என்றால் பங்கு. நிலத்தில் மேல்வாரம், குடிவாரம் என்று சொல்வோமே, அதே சொல்தான். ஒருவருடைய ஆட்டையோ கோழியையோ இன்னொருவர் வளர்ப்பார். பிறக்கும் குட்டியிலும் பொரிக்கும் குஞ்சிலும் ஆளுக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். கையில் காசில்லாதவருக்கு மந்தை தொடங்க இது ஒரு வழி. காசு இருந்தும் இடமில்லாத என்னைப் போன்றவனுக்கும்தான்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில், அப்பத்தாவுக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவைப் போய்ப் பார்த்தோம். நான் ரொம்பத் தெளிவா, "ஒன்பது தர்றேன்க்கா, திரும்பி வரும்போது ஒன்பது இருக்கணும்"னு சொன்னேன். அவங்க சிரிக்கலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "கீரி தூக்கிட்டுப் போனா யார் கணக்கு தம்பி?"

எனக்குப் பதில் தெரியலை. ஆனா நம்ம கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கு.

சோழர் கல்வெட்டுகளிலும் பாண்டியர் கல்வெட்டுகளிலும் ஒரு சொற்றொடர் வரும்: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. கோயிலில் இரவும் பகலும் அணையாமல் ஒரு நந்தா விளக்கு எரிய ஒருவர் தானம் செய்ய நினைக்கிறார். அவர் நெய்யாகக் கொடுப்பதில்லை, ஆடாகக் கொடுக்கிறார். அந்த ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் அதற்கு ஈடாகத் தினமும் நெய் அளக்க வேண்டும்.

முதலாம் ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தக் கணக்கு துல்லியமாகவே இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. தினமும் ஒரு உழக்கு நெய், 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட அளவையால். எந்த ஊர் இடையர், பெயர் என்ன என்பதுகூடக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் மட்டும் அல்ல, அவருடைய உறவினரும் இந்தக் கடமைக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இன்ஜினியர் புத்தி, உடனே கணக்குப் போட்டேன். நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழிக்குக் கொஞ்சம் மேல். அதை 96 ஆட்டுக்குப் பிரிச்சா, ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாழி நெய். ஏதோ புண்ணிய எண் மாதிரி தெரிஞ்ச 96, யோசிச்சுப் போட்ட கணக்கு மாதிரி இருக்கு இல்லையா?

சரி, ஆடு எப்படிச் சாகாம இருக்கும்? சாகத்தான் செய்யும். கிழடும் ஆகும். குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும். ஆடு மாறிக்கிட்டே இருக்கும், எண்ணிக்கை மட்டும் மாறாது. மந்தை நல்லாப் பெருகினா மிஞ்சுவது இடையருக்கு லாபம். ஆனா மழை பொய்த்து மேய்ச்சல் காஞ்ச வருஷத்திலும் அந்த ஒரு உழக்கு குறையாது. நூறு சதவீத அப்டைம் கேட்கிற எஸ்.எல்.ஏ. மாதிரிதான். தானம் கொடுத்தவர் பெயரும் புகழும் கல்லில் நிற்கும். செத்த ஆட்டின் கணக்கு மட்டும் இடையர் தலையில்.

"ஒன்பது தர்றேன், ஒன்பது வேணும்"னு நான் கேட்டதும் இதுதான். சாவா மூவாக் கோழி! அதுவும் 96 ஆடு இல்லை, வெறும் ஒன்பது கோழி. ஒரு முறை வெள்ளைக்கழிச்சல் வந்தா, ஈடு கட்டக் குஞ்சுகூட மிஞ்சாது.

வாரம் வேற மாதிரி. அதில் பெருகினாலும் இருவருக்கும், குறைஞ்சாலும் இருவருக்கும். அதனால பேச்சை மாத்தினேன். முட்டை முழுக்க அக்காவுக்கு. அடை வைச்சுப் பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. கீரியோ நாயோ நோயோ கொண்டு போனா, அந்தத் தாய்க்கோழி என் கணக்கு. அன்னைக்கே ஒரு போன் மட்டும் பண்ணணும்.

கொண்டு போறதுக்கு முன்னாடி கழிச்சல் தடுப்பூசி போட்டோம். பிப்ரவரி மாசம் கால்நடைத் துறை இதுக்கு முகாமே நடத்துது. இருட்டின பிறகு பிடிச்சோம். அப்பதான் கோழி மிரளாது. அங்கே போனதும் ரெண்டு வாரம் அக்காவோட கோழிகளோட சேர்க்காம, தனிப் பஞ்சாரத்துல போட்டு வைச்சாங்க. வந்த கோழியோட நோய் இருந்த கோழிக்குத் தொத்தக்கூடாது இல்லையா? அதுக்குள்ள அதுகளும் இடம் பழகிடும்.

நாலாவது மாசம் போன் வந்துச்சு. "தம்பி, கீரி ஒண்ணைக் கொண்டு போயிருச்சு." கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. "சரிக்கா, என் கணக்கு"ன்னேன். உடனே அவங்க, "கருப்பி அடையில இருக்கா, பதினோரு முட்டை"ன்னு சொன்னாங்க.

கல்வெட்டில் பெயர் வெட்டின அந்த இடையர்கள், ஒரு ஆடு செத்த ராத்திரி யார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பாங்க? அதைக் கல்லு சொல்லலை. அடுத்த முறை கோயிலுக்குப் போனா விளக்கைப் பாருங்க, கீழே இருக்கிற கல்லையும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.