கடன் கிடைக்கும்... கூடவே ஒரு பட்டியலும் வரும்!

நண்பரிடம் 50 வெள்ளி கடன் கேட்கிறீர்கள். "தர்றேன், ஆனா இனிமே பபிள் டீ வாங்கக்கூடாது. உன் செலவுக் கணக்கையும் நான் பார்ப்பேன்" என்கிறார். கோபம் வரும்தானே? அனைத்துலகப் பண நிதியத்திடம் கடன் கேட்கும் நாடுகளின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஏன் நிபந்தனை?

கையில் டாலர் தீர்ந்துபோகும்போதுதான் ஒரு நாடு நிதியத்தை நாடும். வீட்டைப்போல் நாட்டை அடகு வைக்க முடியாது. கொடுத்த பணம் திரும்பிவர, வரி, மானியம், வங்கிகள் என்று பலவற்றை மாற்றச் சொல்கிறது நிதியம். பணமும் தவணை தவணையாகத்தான் வரும். சொன்னதைச் செய்தால்தான் அடுத்த தவணை.

இந்தோனேசியாவில் என்ன நடந்தது?

1997இல் ரூப்பியா சரிந்தது. நிதியம் சுமார் 10 பில்லியன் டாலர் தர முன்வந்தது. நவம்பர் 1ஆம் தேதி 16 வங்கிகள் மூடப்பட்டன. நலிந்த வங்கிகளைக் களைவதே நோக்கம். ஆனால் மக்கள் "அடுத்து நம்ம பேங்கா?" என்று பயந்து, மற்ற வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுத்தனர். அந்த நடவடிக்கை பீதியைக் கூட்டியதைப் பின்னர் நிதியமே ஒப்புக்கொண்டது.

1998 ஜனவரி 15ஆம் தேதி அதிபர் சுகார்த்தோ இன்னோர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். அவருடைய மகன் கையிலிருந்த கிராம்பு வணிக ஏகபோகத்துக்கும் அதில் முடிவு கட்டப்பட்டது. அது நல்ல நிபந்தனைதான். ஆனால் பலருக்கு நினைவிருப்பது ஒரு படம் மட்டுமே: குனிந்து கையெழுத்திடும் அதிபர், பின்னால் கைகட்டி நிற்கும் நிதியத் தலைவர் மிஷெல் கம்டெசு. தமிழில் கைகட்டி நிற்பது பணிவு. அந்தப் படத்திலோ அது அதிகாரமாகத் தெரிந்தது.

மே 4ஆம் தேதி மானியம் வெட்டப்பட்டு, பெட்ரோல் விலை சுமார் 70 விழுக்காடு ஏறியது. நிதியம் நெருக்கியதா, அரசாங்கம் அவசரப்பட்டதா என்ற விவாதம் இன்னும் உண்டு. மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் சேர்ந்துகொள்ள, கலவரம் வெடித்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். மே 21ஆம் தேதி சுகார்த்தோ பதவி விலகினார்.

மலேசியா தப்பித்தது எப்படி?

மலேசியா நிதியத்திடம் கடன் வாங்கவில்லை. 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்து, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிர்ணயித்தது. துணிச்சல் மட்டும் காரணமல்ல. அதன் குறுகியகால வெளிநாட்டுக் கடன் குறைவு. "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது. இந்தோனேசியாவுக்கு அந்த வசதி இல்லை.

அந்தக் கடனை இந்தோனேசியா 2006இல், கெடுவுக்கு முன்பே அடைத்து முடித்தது.