இரட்டைச் சங்கும் ஒற்றைக் கொட்டும்

திருப்பூர், பல்லடம், காங்கயம் வட்டாரத்துக் கொங்கு வேளாளர் கல்யாணங்களில் மணமேடையருகே ஒருவர் நின்று மங்கல வாழ்த்துச் சொல்வார். பாட்டென்றும் சொல்ல முடியாது, பேச்சென்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டம். வரி முடிகிற இடத்தில் மேளக்காரர் ஒரே ஒரு கொட்டுக் கொட்டுவார். அடுத்த வரி, அடுத்த கொட்டு. சொல்கிறவர் ஊரின் குடிமகன். அதாவது, முடி திருத்தும் தொழிலோடு ஊர்ச் சடங்குகளில் சில பொறுப்புகளையும் பரம்பரையாக ஏற்றிருக்கும் குடும்பத்தவர். அதற்குள் பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருக்கும். வீடியோக்காரரும் விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுக் கை ஓய்ந்திருப்பார்.

இதை எழுதியவர் யார் என்று கேட்டால் எங்கும் ஒரே பதில்தான். காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "கம்பருங்க. எங்கப்பாரு அப்படித்தானுங்க சொல்லுவாரு. வேற ஆரு எளுதுவாங்க?" அப்பாரு என்றால் கொங்கில் தாத்தா. வாழ்த்தை அச்சிட்ட சிறு புத்தகங்களும் கம்பர் பெயரையே சொல்கின்றன. மூன்று தலைமுறை நினைவும் அச்சும் ஒன்றையே சொல்லும்போது ஆய்வாளர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. புத்தகத்தைப் பார்த்து நினைவு வந்ததா, நினைவைக் கேட்டுப் புத்தகம் வந்ததா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஆகவே பனுவலிலிருந்தே தொடங்கினேன். அச்சுப் பிரதிகளை அருகருகே வைத்தால் அவை முழுக்க ஒத்துப்போவதில்லை. ஒன்றில் நீளும் பகுதி இன்னொன்றில் சுருங்குகிறது. மண்டபத்தில் காதால் கேட்பது இரண்டிலிருந்தும் விலகுகிறது. ஆனால் எலும்புக்கூடு மாறுவதில்லை. கணபதி வணக்கம், மாப்பிள்ளையின் பிறப்பு, வளர்ப்பு, பெண் தேடுதல், வெற்றிலை, பந்தல், சீர்கள், கடைசியில் வாழ்த்து. ஒரு கல்யாணத்தில் எதற்குப் பிறகு எது என்பதை வரிசை தவறாமல் சொல்லிக்கொண்டு போகிறது. எழுதப்படிக்கத் தெரியாத காலத்தில் இதை மனப்பாடம் செய்தவரிடம் கல்யாணத்தின் முழு நடைமுறையும் இருந்திருக்கிறது. பாராட்டுக் கவிதையாக மட்டும் இதைப் படித்தால் இந்தப் பயன் கண்ணில் படாது.

இப்போது கம்பர். சோழநாட்டுத் தேரழுந்தூர்க்காரர். காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்ற வழக்கு பழையது. பன்னிரண்டு என்பாரே மிகுதி. அவர் கை தேர்ந்த வடிவம் விருத்தம். மங்கல வாழ்த்தோ அளவொத்த நாலடிச் செய்யுளுக்குள் அடங்காமல், மூச்சுக்கும் கொட்டுக்கும் ஏற்றபடி நீள்கிறது. பேச்சு வழக்குக்கு மிக அருகில் நிற்கும் சொற்களும் உண்டு. வாய்வழியே வந்த பனுவலின் மொழி தலைமுறைதோறும் புதுப்பிக்கப்படும் என்பதால் மொழிச் சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத நான் தயங்கினேன். தயக்கத்தைத் தீர்த்தது வேறொரு தடயம். உழவையும் வேளாளரையும் போற்றும் ஏரெழுபது கம்பர் பெயரில் இருக்கிறது. வேளாளரின் கொடைக்கையைப் பாடும் திருக்கை வழக்கமும் அவர் பெயரில்தான். வன்னியரின் வில்லைப் பாடும் சிலையெழுபதுக்கும் ஆசிரியர் கம்பரே என்கிறார்கள். இவை அவருடையவைதாமா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகவே ஐயுற்று வந்திருக்கிறார்கள். ஒரு சமூகம் தன் பெருமைக்குக் கம்பரின் கையொப்பத்தை வேண்டி நிற்பது தமிழகத்தில் ஒரு வழக்கம். மங்கல வாழ்த்தின் மேலிருக்கும் பெயரை நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

கம்பர் போனதும் பழமையும் போய்விட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆசிரியரை விட்டுவிட்டு அந்த ஒற்றைக் கொட்டைப் பின்தொடர்ந்தேன். கொங்குக் கல்யாணத்தில் யார் கொட்டலாம், யாருக்குக் கொட்டலாம் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டா?

கல்லில் இருக்கிறது. தாராபுரத்தைக் கடந்து ஓடும் அமராவதி கரூரை அடைகிறது. அங்கே பசுபதீசுவரர் கோயிலில் ஓர் அரசாணை வெட்டப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் ஹுல்ட்ஸ் அதைப் பதிப்பித்தார். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் பூண்ட அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குத் தன் பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதல் சில உரிமைகளைத் தருகிறான். கம்மாளர் என்பது கொல்லர், தச்சர், தட்டார் முதலிய கைவினைஞர் குழு. அவர்கள் தங்கள் நன்மை தின்மைகளுக்கு, அதாவது கல்யாணம் சாவு இரண்டுக்கும், இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது செருப்பு அணியலாம். வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கொங்கின் வேறு கோயில்களிலும் இதே வகை ஆணை காணப்படுகிறது.

சலுகைப் பட்டியலைத் திருப்பிப் படித்தால் அது தடைப் பட்டியல். அந்த ஆடி மாதத்துக்கு முன்பு ஒரு தச்சர் வீட்டுக் கல்யாணத்தில் இரட்டைச் சங்கு ஊதியிருந்தால் குற்றம். மாப்பிள்ளை செருப்பில்லாமல்தான் தெருவில் நடந்திருப்பார்.

இந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை தரலாம்? கோனேரின்மைகொண்டான் என்பது தனி ஒருவரின் பெயராக இல்லாமல் சோழர், பாண்டியர், கொங்குச் சோழர் எனப் பலரும் சூடிய பட்டம். ஆகவே பதினைந்தாம் ஆண்டு என்று கல் சொன்னாலும் நாட்காட்டியில் ஒரே புள்ளியைக் குத்திவிட முடியாது. இன்னொன்று, கல் பேசுவது கம்மாளரைப் பற்றி. மங்கல வாழ்த்து வேளாளர் சடங்கு. இரண்டையும் ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் ஒரு செய்தி உறுதி. இடைக்காலக் கொங்கில் கல்யாண ஓசை வெறும் கொண்டாட்டமாக இருக்கவில்லை. அரசன் தலையிட்டுப் பங்கிட வேண்டிய உரிமையாக அது இருந்தது.

கல்வெட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. இந்த வட்டாரத்தின் ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்குச் சிறு எச்சரிக்கை: திருப்பூர் மாவட்டம் என்ற தலைப்பில் தேடினால் எதுவும் கிடைக்காது. அது 2009-ல் பிறந்த மாவட்டம். காங்கயமும் தாராபுரமும் முதலில் கோயம்புத்தூரில் இருந்தன, 1979-ல் பிரிந்து ஈரோட்டுக்குப் போயின, பிறகு திருப்பூருக்கு வந்தன. ஊர் நகரவில்லை, கோப்புதான் நகர்ந்தது. எனவே நிக்கல்சன் 1887-ல் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து 1909-ல் தர்ஸ்டன், ரங்காச்சாரி துணையோடு வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள். தர்ஸ்டனிடம் கிடைத்த தடயம் அருமைக்காரர். இவர் புரோகிதர் இல்லை. தனிச் சடங்கு ஒன்றின் வழியே தகுதி பெற்ற குடும்பத்தலைவர். கொங்குக் கல்யாணத்தின் சீர்களை நடத்திவைப்பவர் இவர்தான். பெண்கள் பக்கம் இதற்கு இணையாக எழுதிங்கள் என்ற சீர் உண்டு. அதைச் செய்துகொண்ட சுமங்கலிக்கே சில சடங்குகளில் கைவைக்கும் உரிமை.

அடுத்த சாட்சி பிரெண்டா பெக். 1964 முதல் 1966 வரை காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்தவர். 1972-ல் வந்த அவருடைய நூல் கொங்கின் குடியானவர் சமூகத்தை வலங்கை, இடங்கை என்ற பழைய பிரிவின் வழியே படிக்கிறது. நிலத்தோடும் கவுண்டர்களோடும் பிணைந்த சாதிகள் வலங்கை. கைவினை, வணிகம் சார்ந்தவை இடங்கை. வலங்கையினர் சடங்குகளில் கவுண்டர் வழியைப் பின்பற்ற, இடங்கையினர் பிராமண வழியை நோக்கிச் சாய்ந்ததை அவர் காட்டினார். அதைப் படித்துக்கொண்டிருந்தபோது கரூர்க் கல் மறுபடி நினைவுக்கு வந்தது. கம்மாளர் இடங்கையினர்! யாருடைய ஊர்வலத்தில் எந்த வாத்தியம், எந்தத் தெரு வழியாக என்று பிற்காலத்தில் வலங்கை இடங்கைச் சண்டைகள் வெடித்ததைக் கம்பெனிக் காலப் பதிவுகள் பேசுகின்றன. அந்த நீண்ட வழக்கின் ஆரம்பப் பக்கங்களில் ஒன்று அந்த இரட்டைச் சங்கு.

அப்படியானால் அருமைக்காரரை இன்னும் பின்னே கொண்டுபோகலாமா? சபலம் பெரிது. அகநானூற்றின் 86-ஆம், 136-ஆம் பாடல்கள் கல்யாணத்தைக் காட்டுகின்றன. 86-இல் உழுந்துக் களி உண்டு, மணல் பரப்பிய பந்தல் உண்டு. மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை. சிலப்பதிகாரத்திலோ முதல் காதையின் பெயரே மங்கல வாழ்த்துப் பாடல். ஆனால் கண்ணகி கல்யாணத்தில் முதிய பார்ப்பான் வழிகாட்ட, தீவலம் நடக்கிறது. வயிறு வாய்த்த மங்கலப் பெண்ணுக்கே முதலிடம் என்ற அகநானூற்று முறையும் எழுதிங்கள் செய்த சுமங்கலியும் ஒரே சாயலில் இருக்கிறார்கள். இரண்டு சபையிலும் கைம்பெண்ணுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாயல் இருக்கிறது, நடுவில் பல நூற்றாண்டுக்கு ஓர் ஓலைகூட இல்லை. சங்கிலியின் இரண்டு முனைகளைக் கையில் வைத்துக்கொண்டு நடுக் கண்ணிகளைக் கற்பனையில் வார்ப்பது நம் ஊர் வரலாற்றெழுத்தின் பழைய வியாதி. அதனால் இதைச் சாயல் என்ற அளவில் நிறுத்துகிறேன். இன்னொரு சபலமும் வந்தது. பெரியார் ஈரோட்டுக்காரர், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டத் திருத்தம் 1967-ல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அருமைக்காரர் கல்யாணத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடலாமா? முடியாது. சுயமரியாதைத் திருமணம் சடங்கையே வேண்டாம் என்றது. இங்கே இணைச்சீர், நாட்டுக்கல் சீர், உப்புச் சர்க்கரை என்று சடங்கு வழிந்தோடுகிறது.

கெய்ரோவில் பழைய யூதத் தொழுகைக் கூடமொன்றின் காகிதக் கிடங்கில் பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண ஒப்பந்தங்கள் கிடைத்தன. மணப்பெண் கொண்டுவந்த நகை, துணி, பாத்திரம் ஒவ்வொன்றும் விலையோடு எழுதப்பட்டிருப்பதால் அந்த வீடுகளுக்குள்ளேயே போய்ப் பார்க்க முடிகிறது. நொய்யல் கரையில் அப்படியொரு கிடங்கு இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணமும் பதிவாக வேண்டும் என்ற சட்டமே 2009-ல்தான் வந்தது. ஆனால் நம்மிடம் மொய் நோட்டு இருக்கிறது.

உறவினர் வீடுகளில் பரணிலிருந்து இறங்கிய சில நோட்டுகளைப் பார்க்க வாய்த்தது. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, அடுத்து "லாபம்". பிறகு ஊர், பெயர், தொகை. தொகை பூஜ்யத்தில் முடியாது. ஒரு ரூபாய் கூடவே நிற்கும். மொய் வாழ்த்துப் பணம் என்று தோன்றினாலும் நோட்டு அதைக் கடனாகவே நடத்துகிறது. திருப்பிச் செய்துவிட்ட வரியின் ஓரத்தில் ஒரு சிறு கோடு. எனக்கு வேண்டியது தொகையைவிட அடையாளச் சொற்கள். பழைய நோட்டுகளில் ஆள் தோட்டத்தால் அறியப்படுகிறார்: கிணற்றுத் தோட்டம், மேக்காலத் தோட்டம், இன்ன பாளையம். பின்வந்த நோட்டுகளில் அதே ஊர்களோடு வேறு ஒட்டுகள் சேர்கின்றன: நிட்டிங், டையிங், காஜா பட்டன், பவர்டேபிள். கரும்பும் பருத்தியும் விளைந்த தோட்டத்திலிருந்து பனியன் கம்பெனிக்குக் குடும்பங்கள் இடம்பெயர்ந்ததை எந்தத் தொழில்துறை அறிக்கையும் இத்தனை வெளிப்படையாக எனக்குச் சொன்னதில்லை. ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு, பண்ணையில் உழைத்துப் பழகிய கவுண்டர்கள் கூட்டாளிகளாகச் சேர்ந்து முதலாளிகளானதை விளக்குகிறது. மைத்துனனும் பங்காளியும் எங்கே கூட்டாளியாக மாறுகிறார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்கள் மொய் நோட்டின் ஓரங்களையும் படிக்கலாம்.

வரவுப் பக்கத்தில் எங்கள் குடிமகன் இல்லை. எதிர்பார்த்ததுதான், அவர் மொய் வைக்கிறவராக வரவில்லை. கடைசித் தாள்களில் செலவுக் கணக்கு இருக்கும் நோட்டு அபூர்வம். அப்படியொன்றில் தேடினேன். சமையல், வாழை இலை, பந்தல், வாடகைப் பாத்திரம், ஒலிபெருக்கி எல்லாம் தனித்தனி வரியில். மங்கல வாழ்த்துக்குத் தனி வரி இல்லை. "குடிமகன், மேளம்" என்று சேர்த்தெழுதி ஒரே தொகை. சொன்னவருக்கு எவ்வளவு, கொட்டியவருக்கு எவ்வளவு என்று கணக்கெழுதியவர் பிரித்துப் பார்க்கவில்லை.