தோட்டப் பாடசாலையும் நிரலாக்கக் கல்வியும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அச்சமூகம் ஈட்டிய பொருளையும் இழந்த உரிமையையும் மாத்திரம் நோக்குதல் போதாது. அதன் சிறுவர்க்கு எவ்வளவு கல்வி போதுமென எக்காலத்தில் யாவர் வரையறுத்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு இதனை நன்கு புலப்படுத்தும். நிரலாக்கம் என்னும் புதிய பாடம் இன்று அப்பாடசாலைகளின் வாயிலில் வந்து நிற்றலின், அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் பயனுடைத்து.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைப் பீடித்து அழித்தமையால், நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளின் மலைச்சாரல்கள் படிப்படியாகத் தேயிலைமயமாயின. கோப்பி பருவத்திற் பலன் தருவது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலின், தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளர் குடும்பத்தோடு லயன் அறைகளில் நிலைகொண்டனர். அவர்தம் பிள்ளைகளின் கல்வி பற்றிய வினாவும் உடன் எழுந்தது.

அவ்வினாவை ஆராய 1905ஆம் ஆண்டில் வேஸ் என்பவரின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பின்னர் வந்த 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்டத் துரையின் கடமையென விதித்தது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் பத்து வயதைக் கடந்த பிள்ளை கொழுந்து மலைக்கே உரியதெனக் கருதப்பட்ட காலம் அது. ஓரறையும் ஓராசிரியருமாக இயங்கிய பாடசாலைகளிற் சிறிது எழுத்தும் சிறிது எண்ணும் அறிதலே போதுமெனப்பட்டது.

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே தொடர்ந்தமையால், அதன் முழுப்பயன் மலையக மாணவரை அடையவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரின் குரலையும் ஒடுக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அப்பாடசாலைகள் கட்டங்கட்டமாகத் தேசியக் கல்வியமைப்பினுட் சேர்ந்தன. அதன் பின்னர் சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியால் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. இலவசக் கல்வி பிறந்த பின் அது தோட்ட வாயிலை அடைய ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. இத்தாமதமே இவ்வரலாற்றின் தலையாய படிப்பினை.

இனி, புதிய பாடத்தின் வரலாறு நோக்கற்பாலது. கணினியைச் சிறுவர் கையிற் கொடுக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீமோர் பப்பேட், வாலி பியூசெய்க், சிந்தியா சொலமன் ஆகியோர் லோகோ என்னும் எளிய நிரல்மொழியை ஆக்கினர். பின்னர், தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை போன்றதோர் பொறி சிறுவரின் கட்டளைப்படி இயங்கியது. கணினி பிள்ளையை நடத்துதல் தகாது, பிள்ளையே கணினியை நடத்துதல் வேண்டும் என்பது பப்பேட்டின் கொள்கை. இலங்கையில் 1983ஆம் ஆண்டிற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க முதலியோரின் முயற்சியால் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் பி.பி.சி. நிறுவனமும் பிறரும் இணைந்து, ஏறக்குறைய பத்து இலட்சம் மாணவருக்கு மைக்ரோபிற் என்னும் சிறு பலகையை வழங்கினர். நீளம் 5 சென்ரிமீற்றரும் அகலம் 4 சென்ரிமீற்றருமான அப்பலகையில் 25 சிறு விளக்குகளும், இரு பொத்தான்களும், அசைவை உணரும் கருவியும், திசைகாட்டியும் உள்ளன. இரு சிறு மின்கலங்களால் அது இயங்கும். கணினியொன்றில் எழுதிய நிரலைப் பல பலகைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றலாம். கணினிகள் குறைந்த பாடசாலைக்கு இது பொருத்தமான வசதி.

இப்பாடத்துக்கு வேண்டிய உதாரணங்கள் தோட்டத்திலேயே உள்ளன. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்னும் தேயிலைத் தொழிற்சாலையின் படிமுறை ஒரு நிரலின் ஒழுங்கையே ஒத்தது. ஈரம் வேண்டிய அளவு குறையும்வரை வாட்டுதல், நிபந்தனையுடன் கூடிய மீளச்செய்தலாகும். நிறுவைத் தராசின் முன்னும் ஒரு நிபந்தனை உண்டு: குறித்த நிறை இருப்பின் முழுப்பேர், இல்லையேல் அரைப்பேர். சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் கிலோவும் அக்கணக்கினுள் அடங்கும். தாயின் நாட்கூலியைத் தீர்மானிக்கும் அவ்விதியைத் தன் கையால் நிரலாக எழுதிப்பார்க்கும் மாணவி, விதி என்பது வானத்தினின்று வீழ்ந்ததன்று, ஒருவர் வகுத்தது, ஆராயத்தக்கது, திருத்தத்தக்கது என்பதை உணர்வாள். தொழில்வாய்ப்பினும் மேலான பயன் இதுவே.

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் குறைந்தவிடத்து இத்தகைய கருவிகள் எதற்கென வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. தமிழ்மொழியிற் கற்பிக்கும் பயிற்சிபெற்ற ஆசிரியர் இல்லாவிடின் எக்கருவியும் அலுமாரியிற் பூட்டுண்டு கிடக்கும். ஆயினும், அடிப்படைக் குறைகள் யாவும் தீர்ந்தபின்பே புதுக்கல்வி என்பது 1945இன் தாமதத்தை மீண்டும் விதிப்பதாகும். ஆசிரியரும் கருவியும் ஒருங்கே வருதல் வேண்டும். ஒன்றிற்காக மற்றொன்று காத்திருத்தல் ஆகாது.

மலையகத் தமிழர் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தனர். அவ்விருநூறு ஆண்டுகளிற் பெரும்பகுதி, பிரட்டுக் களத்திற் பிறர் இட்ட கட்டளைப்படி நடந்த காலம். 1907இன் சட்டம் அவர்தம் பிள்ளைகளுக்குப் பத்து வயதளவில் ஓர் எல்லையை இட்டது. அவ்வெல்லை ஏட்டிலிருந்து நீங்கி நெடுங்காலமாயிற்று. வகுப்பறையிலிருந்தும் அது முற்றாக நீங்குதல் கல்வியாளர் கடனாகும்.